தடிக்காரன் பாட்டு

தொண்டைய நான் ஒடைக்கலீங்க அம்மிணி. உக்கார்றதுக்கு முந்தி அதை மட்டும் காதுல வாங்கிக்குங்க. எடது கைய ஒடைச்சது நான்தான். முன்பல்லு போனதும் என்னாலதான். இல்லைன்னு நான் ஆருகிட்டயும் சொன்னதில்லை. ஆனா தொண்டை என்னுதில்லை. போன வருசம் உங்கய்யன் நெனைவுநாள் கூட்டத்துல எவனோ ஒருத்தன் மைக்கைப் புடிச்சுக்கிட்டு, “மில்லுக்காரனோட அடியாள் ஆறுக்குட்டி, தோழர் மருதாசலத்தோட குரல்வளைய நசுக்கினான்”னு பேசுனானாமா. எம் மருமக கேட்டுட்டு வந்து சொல்லுச்சு. அன்னிக்கு எனக்குச் சோறு எறங்கலை. செஞ்சதைச் சொல்லட்டும், ஊரே கூடிச் சொல்லட்டும். செய்யாததை எதுக்குங்க எந் தலையில வெக்கறது?

அந்தச் சேர் வேண்டாம், கால் ஆடும். இந்தக் கட்டல்ல உக்காருங்க. மருமக காப்பி போடும்.

நீங்க கலாமணிதானுங்களே? மருதாசலம் மக. கண்ணைப் பார்த்ததுமே தெரிஞ்சுது, அது மயிலாத்தா கண்ணு, உங்கம்மா கண்ணு. நீங்க எதுக்கு வந்திருக்கீங்கன்னும் தெரியும். உங்கய்யன் நாடகத்தை மறுக்காப் போடறீங்க. மத்த பாட்டெல்லாம் கெடைச்சிருச்சு, தடிக்காரன் பாட்டு மட்டும் ஆருகிட்டயும் இல்லை. ஆறுக்குட்டியைக் கேளுங்கன்னு எவனோ சொல்லியிருக்கான். நெசந்தான், எனக்குத் தெரியும். குடுக்கறேன். ஆனா நான் சொல்றதை முச்சூடும் கேக்கோணும். கேட்டுட்டுத்தான் பாட்டு.

அவன் இவன்னு வாயில வந்துரும். என்னைய விட நாலு வருசம் இளையவன், அந்தப் பழக்கம். தப்பா எடுத்துக்காதீங்க.

உங்கய்யனோட அப்பன் சாயப்பட்டறையில நூலுக்குச் சாயம் போட்ட ஆளு. ஒரு நாடகக் கம்பெனி சிங்காநல்லூருப் பக்கம் கொட்டாய் போட்டு, விடாத மழையில நொடிஞ்சு போச்சு. ஆர்மோனியக்காரன் காய்ச்சலோட அவங்க வாசல்ல வந்து படுத்துக்கிட்டான். காய்ச்சல் விட்டதும் பொட்டிய அங்கயே போட்டுட்டு ஓடியே போயிட்டான். அந்தப் பொட்டிய மருதாசலம் தானாத் தடவித் தடவிக் கத்துக்கிட்டது. ஒருத்தன் சொல்லிக் குடுத்திருந்தா அப்படி வந்திருக்காதுங்க.

மில்லுக்கு வந்தப்ப மீசை கூட மொளைக்கலை. ஸ்பின்னிங்ல போட்டாங்க. அங்க மெஷின் சத்தத்துல பக்கத்துல நிக்கறவன் பேசறது கேக்காது. இவன் அந்தச் சத்தத்தையே தாளமா வெச்சுக்கிட்டு வாய்விட்டுப் பாடுவான். ஆருக்கும் ஒண்ணும் கேக்காது. ஆனா வாயசையறதைப் பார்த்தே பாட்டு ஒரு மெஷின்லருந்து அடுத்த மெஷினுக்குப் போயிரும். ஷிப்டு முடிஞ்சு கேட்டுக்கு வெளிய வரையில அத்தனை பேரும் ஒட்டுக்கா அதே பாட்டைப் பாடிட்டு வருவாங்க. மெட்டும் அவனுது, வார்த்தையும் அவனுது. ஒண்ணுக்குப் போறதுக்கு மேஸ்திரிகிட்ட டோக்கன் வாங்கோணும்னு மேனேஜர் ஒரு சட்டம் போட்டாரு பாருங்க, அதை வெச்சு ஒண்ணு கட்டினான். சிரிச்சுச் சிரிச்சு பொம்பளைங்களுக்குக் கண்ணுல தண்ணி.

நான் அந்த மில்லுல பேருக்கு வாட்ச்மேன். வேலை என்னன்னா, மேனேஜர் கண்ணைக் காட்டுனா நான் கையைக் காட்டோணும். அவ்வளவுதான். குஸ்தி பழகுன ஒடம்பு. இப்பத்தான் இப்படி வத்திப் போயிருச்சு.

“அந்தப் பாட்டுக்காரனை ஒரு தட்டு தட்டி வை”ன்னாரு மேனேஜர்.

கேட்டுகிட்ட நிறுத்தி ஒண்ணே ஒண்ணு விட்டேன். சைக்கிளோட போய்ச் சாக்கடையில உழுந்தான். எந்திரிச்சு, காதைப் பொத்திக்கிட்டு, என்னையப் பார்த்து என்ன கேட்டாங்கிறீங்க?

“ஏனுங்கண்ணா, பாட்டு நல்லா இல்லீங்களா?”

“பாட்டு நல்லாத்தான் இருக்குது. பாடாதே, அவ்வளவுதான்”னேன்.

பாடாம இருந்திருந்தா இத்தனையும் இல்லை பாருங்க. நான் அன்னிக்கே பதமாச் சொல்லீட்டேன்.

அடுத்த வருசம் நாடகமே போட்டுட்டான். ‘நூலறுந்த ராஜா’. பேச்சே கெடையாது, ராஜா, மந்திரி, நூல் நூக்கற பொம்பளை, எல்லாரும் பாட்டுலதான் பேசோணும். மில்லுக்காரங்க குடியிருக்கற லைன் ஊட்டுக்குப் பின்னால காலி எடத்துல, ஞாயித்துக்கெழமை பொழுதோட, ரெண்டு பெட்ரமாக்ஸ் லைட்டைக் கட்டித் தொங்கவிட்டு. ஜனமுன்னா அப்படி ஒரு ஜனம். நானும் எங்கீழ இருந்த அடிதடிப் பசங்களும் மடி நெறையாக் கல்லைக் கட்டிக்கிட்டு ஒரு வேம்புக்கு அடியில நின்னோம்.

சின்னராசுன்னு ஒருத்தன் என்கூட இருந்தான், அவசரக்காரன். பாட்டு நடக்கையிலயே கைய ஓங்கிட்டான். மணிக்கட்டைப் புடிச்சு முறுக்கினேன். “இருடா. சரணம் போயிட்டிருக்குது”ன்னேன்.

பாட்டு முடிஞ்சுது. ஜனம் கை தட்டி ஓஞ்சுது. அப்பத்தான் “ம்”னேன். மொதக் கல்லுலயே லைட்டு போச்சு. அப்புறம் வரிசையா. ஒரு பொம்பளைக்கு மண்டை ஒடைஞ்சு ரத்தம், குழந்தைங்க எல்லாம் அழுகுது, ராஜா வேசம் போட்டவன் கிரீடத்தோட முள்ளு வேலிக்குள்ள. ஆர்மோனியத்து மேல குப்புறப் படுத்துக்கிட்டான் உங்கய்யன். முதுகுல எத்தனை உழுந்துச்சோ. பொட்டிக்கு ஒரு கீறல் இல்லை.

எனக்குன்னு ஒரு மொறை இருந்துச்சு அம்மிணி. பாட்டு நடக்கையில கை வெக்க மாட்டேன். அது என்னமோ சோறு திங்கறவனை எந்திரிக்கச் சொல்றாப்புல. எல்லா நாடகத்துலயும் அப்படித்தான். அதுக்குப் பாட்டு எங்க முடியுதுன்னு தெரியோணுமில்லீங்களா? அதனால ஒத்திகைக்குப் போயிருவேன். மில்லுத் தொழிலாளி சங்க ஆபீசுக்குப் பொறகால ஒரு குட்டிச் சுவரு, அதுக்கு அந்தப் பக்கம் உக்காந்துக்குவேன். ஒரு வேலையைச் செஞ்சா சுத்தமாச் செய்யோணும். எம் பசங்க பொறுமையில்லாம டீ குடிக்கப் போயிருவானுங்க. நான் மட்டும் கொசுக்கடியில உக்காந்து முச்சூடும் கேப்பேன். எந்த எடத்துல உங்கய்யனுக்கு மெட்டு சிக்கலை, எதை மாத்தினான், ஏன் மாத்தினான், எல்லாம் தெரியும். ரெண்டாவது நாடகத்துல மந்திரி பாட்டு சரியில்லைங்க. சொல்லலாம்னு கூட நெனைச்சேன்.

அவனும் கண்டுபுடிச்சுட்டான், இவனுங்க பாட்டு முடியற வரைக்கும் காத்திருந்துதான் அடிக்கறானுங்கன்னு. கெட்டிக்காரன். மூணாவது நாடகத்துல என்ன பண்ணினான் தெரியுமா? பாட்டை முடிக்கவே இல்லை. ஒரு பாட்டு முடியறதுக்குள்ள அது வாலைப் புடிச்சுக்கிட்டே இன்னொண்ணு, அது எறங்கறதுக்குள்ள அடுத்தது. ஆர்மோனியம் நிக்கவே இல்லை. நான் கல்லை வெச்சுக்கிட்டு இதோ முடியுது, இதோ முடியுதுன்னு நிக்கறேன். முடிஞ்சப்ப ஜனம் எந்திரிச்சு ஊட்டுக்கே போயிருச்சு.

இப்ப ஒரு காலேஜ் வாத்தியாரு சொல்றாராமா, மருதாசலத்தோட நாடகத்துல பாட்டுக்குள்ள பாட்டு போறது பெரிய புதுமைன்னு. அந்தப் புதுமைக்கு ஆருங்க காரணம்? அதை எவனாச்சும் மைக்குல சொன்னானா?

நான் கல்லை எறியாம நின்னது மேனேஜருக்குத் தெரிஞ்சு போச்சு. பசங்களை எல்லாம் நிக்க வெச்சு, அவங்க முன்னாலயே கேக்கறாரு, “ஏன்டா, நாடகம் பார்க்கறதுக்கா உன்னைய வெச்சிருக்குது?” பழனி மலையில மொட்டை போட்டுட்டு வந்த எம் மண்டை, பேப்பர் வெயிட்டைத் தூக்கி அதுமேல போட்டாரு. ரத்தம் காதோரமா எறங்குது. நான் கையைத் தூக்கலை. மொதலாளி ஊட்டு உப்பைத் திங்கறோம். “கை இருந்தாத்தான பொட்டி வாசிப்பான்? சோத்துக்கைய ஒடைச்சுட்டு வந்து என் மூஞ்சில முழி”ன்னாரு.

இட்டேரியில மடக்கினோம். ரெண்டு பக்கமும் கள்ளி வேலி, ஓட எடமில்லை. ரெண்டு பேரு புடிச்சுக்கிட்டானுங்க. நான் கேட்டேன், “மருதாசலம், எந்தக் கையில துருத்தி போடுவே, எந்தக் கையில வாசிப்பே?”

“எடதுல துருத்திங்கண்ணா. சோத்துக்கையில வாசிப்பேன்.”

பொய் சொல்லத் தெரியாத ஆளு. ஒரு எல்லைக்கல்லு மேல எடது கைய வெக்கச் சொன்னேன். வெக்கலை, நாங்களே வெச்சோம். இரும்புப் பூண் போட்ட தடி. மூணு வெரலும் மணிக்கட்டும். பச்சைக் கரும்பை முறிக்கறாப்புல ஒரு சத்தம். கத்தாம இருந்தான்னு மேடையில எல்லாம் பேசறாங்க, அதெல்லாம் பொய்யி. நல்லாக் கத்தினான். கள்ளிக்குள்ள இருந்த கவுதாரியெல்லாம் எந்திரிச்சு ஓடிருச்சு. ஆரா இருந்தாலும் கத்தத்தான் செய்வாங்க, அதுல ஒண்ணும் கொறைச்சல் இல்லை.

யோசிச்சுப் பாருங்க. மேனேஜர் சொன்னது சோத்துக்கைய. நான் அதைத் தொடலை. மேனேஜர்கிட்ட, “இருட்டுல மாறிப் போச்சுங்க”ன்னு சொல்லிச் சமாளிச்சேன். நான் பார்த்து விட்டுக் குடுத்த கையிலதான் உங்கய்யன் அப்புறம் அத்தனை மெட்டும் போட்டது. உங்கம்மா மயிலாத்தாவுக்கு அது கடைசி வரைக்கும் தெரியாது. தெரிஞ்சிருந்தா என்னையக் கண்டா அப்படிக் காறித் துப்பியிருக்காது.

அதுக்கப்புறம்தானுங்க அவங்க ரெண்டு பேரும் ஒண்ணா மேடையேறினது. அவன் சோத்துக்கையில வாசிப்பான், மயிலாத்தா பக்கத்துல உக்காந்து துருத்தி போடும். நீங்க அப்ப வயித்துல. பெரிய வயித்தோட அது துருத்தி போடறதைப் பார்க்கறதுக்கே திருப்பூரு, உடுமலை, மேட்டுப்பாளையம்னு ஜனம் கூடுச்சு. மூச்சு எங்க வாங்கோணும், எங்க விடோணும்னு ரெண்டு பேருக்கும் ஒரே கணக்கு. மெட்ராசுல இருந்து சினிமாக்காரங்க கூப்புட்டாங்க. போனான். “மெட்டை மட்டும் குடு, பாட்டெழுத எங்ககிட்ட ஆளிருக்குது”ன்னாங்களாம். “ரெண்டும் ஒரே வயித்துல பொறந்ததுங்க, பிரிச்சுக் குடுக்க முடியாது”ன்னு சொல்லிட்டு அடுத்த ரயில்லயே திரும்பிட்டான். எனக்கு அன்னிக்கு நிம்மதியா இருந்துச்சு. ஏன்னு கேக்காதீங்க. அவன் போயிட்டா எனக்கு மில்லுல வேலை போயிருமேன்னுதான் இருக்கும்.

அப்புறந்தான் அந்த நாடகம். ‘சங்கு ஊதியாச்சு’. மில்லுல ஸ்டிரைக் வரப் போற நேரம். ஒத்திகையில சுவத்துக்கு இந்தப் பக்கம் உக்காந்து கேக்கறேன். மொதலாளி பாடறாரு, மேஸ்திரி பாடறான். ஒரு தடிக்காரன் வர்றான். ஒத்திகைப் பசங்க சிரிக்கறானுங்க. “ஏ, ஆறுக்குட்டியண்ணன் நடையப் பாரு”ங்கறானுங்க. எனக்குக் கோவம் வரலைங்க, பொய் சொல்லக் கூடாது. பாட்டு என்ன வருதுன்னு காதைத் தீட்டிக்கிட்டு உக்காந்தேன்.

என்ன வந்துச்சு தெரியுமா? மொதலாளியோட மெட்டு. அதே மெட்டுல, அதே வார்த்தைய, மொதலாளி பாடினதையே இவன் திருப்பிப் பாடறான். அவ்வளவுதான் தடிக்காரனுக்கு. மாவாட்டறவளுக்கு ஒரு மெட்டு இருக்குது, டீக்கடைக்காரனுக்கு ஒரு மெட்டு இருக்குது, எனக்கு மட்டும் ஊரான் மெட்டு. இத்தனை வருசம் அத்தனை கொசுக்கடியில உக்காந்ததுக்கு இதா?

ஒத்திகை முடிஞ்ச ராத்திரியே நேரா உங்க ஊட்டுக்குப் போயிட்டேன். நீங்க தொட்டல்ல தூங்கிட்டிருந்தீங்க. மயிலாத்தா அருவாமணைய எடுத்துக்கிட்டு குறுக்க வந்துச்சு.

“நாஞ் சண்டைக்கு வரலை தாயி. ஒரு நாயங் கேக்க வந்தேன்”னேன். “ஏன்டா மருதாசலம், எனக்குன்னு ஒரு மெட்டுப் போட உனக்குக் கை வரலையா?”

அவன் சோறு தின்னுட்டிருந்தான். மடங்கிப் போன எடது கைய மடியில வெச்சுக்கிட்டு என்னைய நிமுந்து பார்த்தான். பயமில்லை, கேலியும் இல்லை. சொல்றான்: “போட்டுப் பார்த்தனுங்கண்ணா. வரலை. மெட்டுன்னா அந்தாளுக்கு சொந்தமா ஒரு கோவமோ அழுகையோ இருக்கோணும். உங்க கையில இருக்கறது மொதலாளி கோவங்க. உங்களுக்குன்னு எதையும் நான் பார்க்கலீங்களே. இல்லாததுக்கு எப்படிங்க மெட்டுப் போடறது?”

அடிச்சேன். வட்டல் பறந்து செவுத்துல அடிச்சுது. வாயில அடிச்சேன், மறுக்கா வாயிலயே அடிச்சேன். முன்பல்லு ரெண்டும் சோத்துக்குள்ள உழுந்து கெடக்குது. மயிலாத்தா அருவாமணைய வீசினது எந் தோளுல, பாருங்க, இதான் அந்தக் கோடு. தொட்டல்ல நீங்க வீல்னு கத்தறீங்க. எனக்கு நிறுத்தத் தெரியலை. மேனேஜர் சொல்லி அடிக்கையில எத்தனை அடி, எங்க அடிக்கோணும்னு ஒரு கணக்கு இருக்கும். அன்னிக்கு ஆரும் சொல்லலை. எவ்வளவு அடிக்கறதுன்னே தெரியலைங்க எனக்கு.

கடைசியில மூச்சு வாங்கி நின்னேன். அவன் ரத்தத்தைத் துப்பிட்டு, அந்த ஓட்டைப் பல்லோட, சிரிக்கறான் அம்மிணி.

“இப்பப் போடலாங்கண்ணா”ங்கறான்.

ரத்தம் ஒழுகற வாயோட அப்பவே முனகறான். மயிலாத்தா அழுதுக்கிட்டே மூஞ்சியத் தொடைக்குது, அவன் அது கைய நவுத்திட்டு முனகறான். வெளிய வந்துட்டேன்.

அந்தப் பாட்டை மட்டும் ஒத்திகையில பாடவே இல்லை. நானும் தெனமும் போய் உக்காந்து பார்த்தேன், பாடலை. தடிக்காரன் வேசத்தை அவனே எடுத்துக்கிட்டான்னு மட்டும் தெரிஞ்சுது.

ஸ்டிரைக் வந்துச்சு. மில்லைப் பூட்டிட்டாங்க. பழைய மேனேஜர் போய்ப் புது ஆளு வந்தாரு. அவருக்கு எம்மேல நம்பிக்கை இல்லை. “நீ பாட்டுக் கேக்கற ஆளு”ன்னுட்டாரு. வெளியூர்ல இருந்து ஆளுங்களை லாரியில எறக்கினாங்க. நான் நாடகத்தன்னிக்கு ஜனத்தோட ஜனமா, மொத தடவையாக் கல்லு இல்லாமப் போனேன். தெரிஞ்சவங்க பக்கத்துல இருந்து எந்திரிச்சுத் தள்ளிப் போயிட்டாங்க. என்னையச் சுத்தி ஒரு வட்டம் காலியா இருந்துச்சு.

அந்தப் போனை எடுங்க. பதிவு பண்ணிக்குங்க. இதுக்குத்தான வந்தீங்க.

பாதி நாடகத்துல அவன் வந்தான். என்னையாட்டவே மீசை, என்னையாட்டவே தலைப்பாக்கட்டு, தோள்ல தடி. ஜனம் சிரிச்சுது. அப்புறம் ஆர்மோனியம் இல்லாம வெறுந் தொண்டையில எடுத்தான். மில்லுச் சங்கு தூரத்துல எந்திரிக்கறாப்புல கீழ இருந்து மேல இழுத்துக்கிட்டே போவான்:

*கையி என் கைதானா – இந்தக்*
*கையி என் கைதானா?*
*சோறு திங்கற நேரம் மட்டும்*
*சொந்தக் கையானா,*
*ஓங்கி உழுகற நேரத்துல*
*ஆரு கை சாமி – இது*
*ஆரு கை சாமி?*

பல்லு இல்லாததால ‘சோறு’, ‘சொந்தம்’, ‘சாமி’ வர்ற எடத்துல எல்லாம் ஒரு விசில் சத்தம் சேர்ந்து வரும். அது இந்தப் பாட்டுக்கு எடுப்பாத்தான் இருந்துச்சு. நீங்க பாட வெக்கறப்ப அந்த விசிலை விட்டுராதீங்க. சரணம்:

*ஆத்தா அடிச்சா அழுதிருக்கேன்,*
*அழுகை என்னுதுங்க.*
*ஆரோ சொல்லி அடிச்சேன் இன்னிக்கு,*
*அடியும் என்னுதுங்களா?*

சிரிச்ச ஜனம் திரும்பி என்னையப் பார்க்கறாங்க. நான் ஆரையும் பார்க்கலை. எனக்கு ஒரு மெட்டு, அம்மிணி. அது என்னுது. ரெண்டாவது சரணம் எடுத்தான்.

*தடியக் கீழ –*

அவ்வளவுதான். நிறுத்துங்க போனை. அதுக்கு மேல ஆருக்கும் தெரியாது.

மேடைக்குப் பக்கத்துல இருந்து ரெண்டு பேரு ஏறினானுங்க. வெளியூரு ஆளுங்க. ஒருத்தன் கையில இரும்புப் பைப்பு. வாயத் தொறந்தபடிக்கு, ‘கீழ’ன்னு இழுத்தபடிக்கு, கழுத்துல குறுக்க வாங்கினான். ஆடு அறுக்கறப்ப ஒரு சத்தம் வருமே, அப்படி. மயிலாத்தா துருத்தியப் புடிச்சபடியே கத்துது, பொட்டி தானாக் கூவுது.

நான் எப்படி மேடைக்குப் போனேன்னு தெரியலை. பாட்டு நடக்குதுல்ல? பாட்டு நடக்கையில! நாயி கூட நிக்குமே! அந்தப் பைப்பைப் புடுங்கி அவன் முட்டியில போட்டேன். உழுந்தவனை எந்திரிக்க விடலை. மொளங்கால், கை, அப்புறம் மூஞ்சி. இன்னொருத்தன் எம் முதுகுல கத்தியச் செருகினான், அவனை அப்படியே தூக்கி லைட்டுக் கம்பத்துல அடிச்சேன். “பாடி முடிக்கட்டும்டா, பாடி முடிக்கட்டும்டா”ன்னு கத்தினேனாமா. எனக்கு நெனைப்பில்லை. அப்புறம் போலீசு.

அன்னிக்கு நான் அடிச்சதுல ஒருத்தன் செத்துப் போயிட்டான். கேசு நடந்துச்சு. நான் உங்கய்யனை அடிக்க வந்த கும்பல்ல ஒருத்தன், எங்களுக்குள்ளயே சண்டைன்னு சங்கத்துல சாச்சி சொன்னாங்க. ஆறுக்குட்டி எங்க ஆளே இல்லைன்னு மில்லுல சொல்லீட்டாங்க. ரெண்டு பக்கமும் கை கழுவிட்டாங்க. ஜெயிலுக்குப் போனேன்.

அங்க எனக்கு ஒரே ரோசனை. தடியக் கீழ… போட்டானா? போட்டுட்டு என்ன பண்ணினான்? இல்லை, தடியக் கீழ போட மாட்டேங்கறானா? மெட்டு மேல போகுதா, எறங்குதா? சுவத்தைப் பார்த்துப் படுத்துக்கிட்டு எத்தனை விதமாப் போட்டுப் பார்த்தாலும் எனக்கு வரலை. அது அவன் வேலை.

வெளிய வந்த அன்னிக்கே போனேன். உங்கய்யன் வாசப்படியில உக்காந்திருந்தாரு. பாருங்க, இப்ப ‘அவரு’ன்னு வருது. கழுத்துல ஒரு பள்ளம். பேச்சு இல்லை, காத்துத்தான் வரும். பொட்டி மேல தாளம் போட்டு, சோத்துக்கையில மெட்டை வாசிச்சுக் காட்டறாரு, வார்த்தைய வாயசைச்சு அசைச்சுச் சொல்றாரு, மயிலாத்தா அதைப் பார்த்துப் பாடுது. மில்லுல மெஷினுக்கு மெஷின் வாயசைச்சுப் பாட்டை அனுப்பினவருக்கு அதுல கஷ்டமில்லை. தொண்டை போனதுக்கப்புறம் போட்ட நாடகந்தான் பேரு வாங்குச்சு, உங்களுக்குத் தெரியும்.

“அந்தப் பாட்டுல மிச்சம் என்ன?”ன்னு கேட்டேன். “தடியக் கீழ – அப்புறம்?”

என்னையவே பார்த்தாரு. மயிலாத்தா பக்கம் திரும்பி வாயசைச்சாரு. மயிலாத்தா எம் மூஞ்சியப் பார்க்காமச் சொல்லுச்சு: “அதை நீங்கதான் சொல்லோணுமாமா.”

கேட்டீங்களா நாயத்தை? பாட்டுக் கட்டறது ஆரு வேலை? நான் எப்படிங்க சொல்றது? கேக்கறதுக்குன்னே ஜெயில்ல இருந்து நேராப் போனவனுக்குச் சொல்ற பதிலா இது? கையை ஓங்கிட்டேன். அடிக்கலை. வாசல்ல இருந்த கொடத்தை ஒதைச்சுத் தள்ளிட்டு வந்துட்டேன். அப்படி ஒரு தலைக்கனம் உங்கய்யனுக்கு. இன்னிக்கு வரைக்கும் எனக்கு ஆறலை.

அப்புறம் நான் வேற மில்லுக்குப் போயிட்டேன். அதே வேலைதான். எனக்கு வேற என்ன தெரியும்?

பஞ்சு நெஞ்சுல படிஞ்சு உங்கய்யன் போய்ச் சேர்ந்த அன்னிக்கு வந்தேன். வாய்க்கால் ரோடு முச்சூடும் ஜனம். பாடிக்கிட்டே பாடை போகுது. ஒரு தோள் குடுக்கலாம்னு கிட்ட வந்தேன். சங்கத்து ஆளுங்க குறுக்க நின்னு, “கொலைகாரா, தொடாதே”ன்னானுங்க. ஒருத்தனை மூக்குல குத்தினேன். இன்னொருத்தனைத் தூக்கி வாய்க்காலுக்குள்ள போட்டேன். பாடையில பின்னால எடது பக்கம் தோளைக் குடுத்துட்டேன். எழவு ஊட்டுல சண்டை போட்டான்னு இன்னும் பேசறாங்க. போடாம எப்படிங்க தூக்கறது?

அப்ப நெத்தியில வந்து உழுந்துச்சு ஒரு கல்லு. எதுத்தாப்புல, பாவாடை சட்டையில, மூக்கு ஒழுகிக்கிட்டு, நீங்க. இதா பாருங்க, புருவத்துக்கு மேல, தொட்டுப் பாருங்க. நல்ல குறி. ரத்தம் கண்ணுல எறங்குது, தோள்ல பாடை, தொடைக்கக் கையில்லை. ஒத்தக் கண்ணுல உங்களைப் பார்த்துக்கிட்டே நடந்தேன். எம்மேல கை வெச்சவனை நான் சும்மா விட்டதில்லை அம்மிணி. அன்னிக்கு ஒருத்தரைத்தான் விட்டேன்.

காப்பி ஆறிப் போச்சு, மருமகளே, வேற கொண்டா.

உங்ககிட்ட ஒண்ணு கேக்கோணும்னு நெனைச்சுக்கிட்டே இருந்தேன். அன்னிக்கு உங்க மத்தக் கையில இன்னொரு கல்லு இருந்துச்சு. பெருசு. நான் பார்த்தேன். அந்த ரோட்டு முக்கு வரைக்கும் கூடவே வந்தீங்க, எட்டற தூரந்தான், என்னால நவுரக் கூட முடியாது. அதை நீங்க எறியவே இல்லை.

ஏனுங்க அம்மிணி?